உன் வாப்பா பிறந்த வீடு

மகனே,

இந்தக் காகிதங்களை உன் பெட்டியில், புதுச் சட்டைகளுக்கு அடியில் வைக்கிறேன். அக்கரையில் பிறை ஸ்டேஷனில் ரயில் ஏறி உட்கார்ந்து, பசி வந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தேடும்போது உன் கையில் தட்டுப்படும். அதற்கு முன்னால் தட்டுப்பட்டால் எடுத்துப் படிக்காதே. நீ படிக்கும்போது நான் உன் எதிரில் இருக்கக் கூடாது. இருந்தால் நீ கேள்வி கேட்பாய், நான் அழுவேன், வழியனுப்ப வந்தவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். சிங்கப்பூரில் போலீஸ் அலுவலகத்தில் உனக்குத் துபாஷி வேலை கிடைத்த செய்தி வந்த நாளிலிருந்து உன் வாப்பா உன்னோடு சரியாகப் பேசவில்லை. "போலீசிலயா?" என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார். நீ அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய். அது கோபம் இல்லை. அது என்ன என்று அவர் வாயால் சொல்ல மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாப்பா கொஞ்ச காலம் வீட்டில் இல்லை. வியாபாரத்துக்காக ஈப்போ போயிருக்கிறார் என்று உன்னிடம் சொன்னோம். திரும்பி வரும்போது பொமெலோ பழம் கொண்டுவருவார் என்றும் சொன்னோம். நீ விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாய். உண்மையில் அவர் இதே பினாங்கில், ஜார்ஜ் டவுன் ஜெயிலில் இருந்தார். குற்றம் எதுவும் செய்து உள்ளே போகவில்லை. அவர்மேல் வழக்கே இல்லை. அதுதான் நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்து அரிசிக்குத் தவியாய்த் தவித்த காலம் அது. சர்க்கார் அரிசிக்கு முறை வைத்தது. கச்சேரி உத்தியோகஸ்தர்கள், கம்பெனிக்காரர்கள் எல்லாரும் வாங்கிய பிறகு, படகில் மூட்டை தூக்கும் நம் கூலிகளுக்கு வரும்போது நொய்யும் கல்லும்தான் மிஞ்சும். உன் வாப்பா அப்போது கடற்கரைச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். தன் கண்முன்னால் இறங்கும் அரிசி, அதை இறக்குகிறவன் வீட்டுக்குப் போகவில்லை என்று அவருக்கு ஆற்றாமை. சாயங்காலம் வேலை முடிந்ததும் கடற்கரையில் கூலிகளைக் கூட்டி வைத்துப் பேச ஆரம்பித்தார். கல்லை எடு, அடி என்றெல்லாம் அவர் பேசவில்லை. சத்தம் போட்டுப் பேசவே தெரியாத மனிதர், உனக்குத்தான் தெரியுமே. "நம்ம முறை ஏன் கடைசியா வருதுன்னு கேப்போம். கேக்குறதுக்கு நமக்கு உரிமை இருக்கு" என்பதுதான் அவருடைய பேச்சு முழுவதும். கூட்டம் நாளுக்கு நாள் பெரிதானது. ஒருநாள் கூலிகள் வேலைக்குப் போகாமல் படகிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்த நாள் மத்தியானம் ஒரு மாத்தா, போலீஸ்காரன், கிட்டங்கிக்கு வந்து, போலீஸ் ஆபீசில் பெரிய துரை ஒரு பேச்சு பேச வேண்டுமாம் என்று கூப்பிட்டுப் போனான். அங்கே ஒரு துரையும் ஒரு தமிழ்த் துபாஷியும் இருந்தார்கள். துபாஷி நமக்குத் தெரிந்தவர்தான். வெள்ளிக்கிழமை தொழுகையில் வாப்பாவுக்குப் பக்கத்திலேயே நிற்பார். தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். துரை கேட்டதைத் தமிழில் கேட்டு, வாப்பா சொன்னதை இங்கிலீஷில் எழுதினார். பெயர் என்ன, வேலை என்ன, எத்தனை பிள்ளைகள் என்று போய்க்கொண்டே இருந்து, பிறந்தது எங்கே என்று ஒரு கேள்வி வந்தது. உன் வாப்பாவுக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். "காரைக்கால்ல, எங்க உம்மா வீட்டுல. நான் பொறந்தப்ப தெரு முழுக்கச் சீனி கொடுத்தாங்களாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கையெழுத்து கேட்டார்கள், போட்டார். பிறகு வீட்டுக்கு விடவில்லை.

காரைக்கால் பிரெஞ்சுக்காரன் ஊர். அங்கே பிறந்தவன் இங்கே, இங்கிலீஷ்காரன் ஆட்சியில், அந்நியன். அந்நியனை இந்த நாட்டைவிட்டு வெளியேற்றக் கவர்னர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். விசாரணை வேண்டாம், சாட்சி வேண்டாம், ஏன் என்று காரணம் சொல்லவும் வேண்டாம். கூட்டத்தில் பேசினார் என்று வழக்குப் போட்டால் அவர் என்ன பேசினார் என்பதைக் கோர்ட்டில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியிருக்கும். அரிசி விஷயம் வெளியே வரும். இந்த வழியில் அந்தத் தொல்லையே இல்லை. நாகப்பட்டினம் போகும் அடுத்த கப்பலில் ஏற்றிவிட்டால் முடிந்தது. மறுபடி இங்கே கால் வைத்தால் ஆயுள் முழுக்க ஜெயில். வாப்பாவோடு சேர்ந்து கூட்டத்தில் பேசிவந்த, அவரை நானா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் சுல்தான் என்ற படகுக்காரரையும் அதே நாளில் அதே மாதிரி பிடித்தார்கள்.

நான் அதுவரை தனியாகக் கடைத்தெருவுக்குக்கூடப் போனதில்லை. ரிக்‌ஷாவில் திரையை இறக்கிவிட்டுக்கொண்டு ஒரு யாழ்ப்பாணத்து வக்கீலைப் பார்க்கப் போனேன். எலும்பும் தோலுமாக இருந்தார். பேச்சில் இனிப்பே கிடையாது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அம்மா, கவர்னர் ஏன் அனுப்புறார் எண்டு கோர்ட் கேக்க ஏலாது. ஆரை அனுப்புறார் எண்டு மட்டும் கேக்கலாம்" என்றார். பிடித்து வைத்திருக்கும் ஆளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்து, எந்த உரிமையில் பிடித்து வைத்திருக்கிறாய் என்று காட்டு என்று கேட்கும் மனு ஒன்று உண்டாம். அதைப் போடலாம். "உங்கட அவர் இந்தத் தீவில பிறந்தவரெண்டா கவர்னரும் தொட ஏலாது. ஆனா அதை நாங்கள்தான் காட்ட வேணும். அவரோ காரைக்கால் எண்டு தன்ர வாயாலயே சொல்லி, கையெழுத்தும் போட்டிட்டார். இனி நான் என்னத்தைச் சொல்ல?"

திரும்பி வரும் வழியில் ரிக்‌ஷாவில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகுதான் மக் தீமாவின் ஞாபகம் வந்தது. உனக்கும் அவளை மங்கலாக ஞாபகம் இருக்கலாம். பெருநாளுக்குப் பெருநாள் ஓலையில் கெத்துப்பாட் சோறு கட்டி எடுத்துக்கொண்டு வருவாளே, பல்லில்லாத மலாய்க் கிழவி. அந்தக் காலத்தில் அவள் பிடான், அதாவது மருத்துவச்சி. வந்தவுடன் உன் வாப்பாவின் இடது கையைப் பிடித்து, சுண்டுவிரலின் ஓரத்தில் அவருக்கு ஒரு சின்ன முண்டு இருக்கிறது பார், அதைத் தடவித் தடவிச் சிரிப்பாள். "இனி கெர்ஜா அக்கு" என்பாள். இது என் கைவேலை என்று அர்த்தம். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் உன் வாப்பும்மா, அதாவது என் மாமி, எங்கிருந்தோ பணியாரத் தட்டோடு ஓடிவந்து பேச்சை மாற்றிவிடுவார்கள். கிழவிக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நானும் விட்டுவிட்டேன். காரைக்காலில் பிறந்த பிள்ளையின் விரலில் பினாங்கு மருத்துவச்சிக்கு என்ன கைவேலை என்று எனக்கு அன்றைக்கு ரிக்‌ஷாவில்தான் உறைத்தது.

மாமி அடுப்படியில் முறத்தில் அரிசி பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் உட்காராமலே கேட்டேன். "தீமாவுக்கு வயசாயிடுச்சு, எதையாவது உளறுவா" என்றார்கள். மறுபடி கேட்டேன். "என் மவன் பொறந்த எடத்தை என்கிட்டயே கேக்குறியா நீ?" என்று என்னை முறைத்தார்கள். மாமியை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. அன்றைக்குப் பேசினேன். "மாமி, கப்பல் வந்துக்கிட்டிருக்கு. அது வந்துட்டா உங்க மவனை நீங்களும் பாக்க மாட்டீங்க, நானும் பாக்க மாட்டேன். அதுக்கப்புறம் உங்க கதையை யாருக்குச் சொல்லப் போறீங்க?" என்றேன். கல் பொறுக்கிய கை நின்றுபோனது. தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் சொன்னார்கள்.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். வீட்டைப் பெண்ணுக்கு எழுதி வைப்போம், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார், சம்பாதிக்கக் கடல் தாண்டுவது ஆண்பிள்ளை மட்டும். பெண் கப்பல் ஏறினால் அந்தக் காலத்தில் குடும்பத்துக்கே தலைகுனிவு. மாமியின் புருசன் இங்கே காய்ச்சலில் கிடக்கிறார், தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லை என்று கேள்விப்பட்டு, வீட்டில் யார் பேச்சையும் கேட்காமல் மாமி கப்பல் ஏறிவிட்டார்கள். "போறவளுக்குத் திரும்பி வர வாசல் இல்லை" என்று அவர்களுடைய வாப்பா சொல்லி அனுப்பினாராம். இங்கே வந்து புருசன் பிழைத்து எழுந்தார். மாமி உண்டானார்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டார் வந்து அழைத்துப் போவதுதானே முறை. எத்தனை கோபம் இருந்தாலும் அதற்காவது வருவார்கள் என்று ஒவ்வொரு கப்பலுக்கும் மாமி ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டின் பின்னறையில், உறவு என்று ஒரு முகமும் இல்லாமல், மக் தீமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உன் வாப்பாவைப் பெற்றார்கள். பிறப்பைப் பதிய வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லவும் ஆள் இல்லை.

பிள்ளை பெற்று நாற்பது நாள் கழிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு, அழைக்காமலே காரைக்கால் போய் வாசலில் நின்றார்கள். பேரன் முகத்தைப் பார்த்து வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகு மறுபடி இங்கே, வேறு தெருவுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண்கள் பிரசவம் எங்கே என்று கேட்டார்கள். மாமி தாய்வீட்டில் என்று சொல்லிவிட்டார்கள். சீனி கொடுத்தது, வளையல் போட்டது, கப்பல் ஏறி வந்து அழைத்துப் போனது எல்லாம் கூடவே வந்தன. காரைக்கால் வீட்டாருக்கும் அது வசதியாக இருந்தது. பெற்ற பெண்ணைக் கைவிட்டார்கள் என்ற பேச்சு வராதே. உன் வாப்பாவும் அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தார். "சொல்லிச் சொல்லி எனக்கே நெசமாயிடுச்சு புள்ள" என்று சொல்லி மாமி அழுதார்கள். அவர்கள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சுப்ரீம் கோர்ட்டுக்கு மாமியோடு நானும் போனேன். நம் தெரு ஆண்கள் பாதிப்பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். காரைக்காலிலிருந்து வந்து கடை வைத்திருக்கும் மாமியின் தாய்வீட்டு உறவுக்காரர்களும் முன்வரிசையில் இருந்தார்கள். உன் வாப்பாவை இரண்டு மாத்தாக்களுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இளைத்துப்போயிருந்தார். மாமி வெள்ளைத் துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டு கூண்டில் ஏறினார்கள். குர்ஆன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். வக்கீல் கேட்கக் கேட்க, அடுப்படியில் என்னிடம் சொன்னதையெல்லாம் சொன்னார்கள். வாசல் இல்லை என்று தன் வாப்பா சொன்னது, கப்பலுக்குக் கப்பல் காத்திருந்தது, யாரும் வராதது, ஒன்றையும் விடவில்லை. முன்வரிசைக்காரர்கள் பாதியிலேயே எழுந்து போனார்கள். உன் வாப்பா தன் உம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். தான் எங்கே பிறந்தோம் என்பதை அவர் முதன்முதலாக அங்கேதான் கேட்டார்.

சர்க்கார் வக்கீல் எழுந்து, இத்தனை வருஷமாக ஊரையே ஏமாற்றிய ஒருத்தி இன்றைக்கு உண்மை சொல்கிறாள் என்று எப்படி நம்புவது என்று கேட்டார். கோர்ட் துபாஷி அதைத் தமிழில் சொன்னார். "அன்னைக்குப் பொய் சொன்னேன், எனக்கு மரியாதை கெடைச்சுச்சு. இன்னைக்கு என்ன கெடைக்குதுன்னு இப்ப எந்திரிச்சுப் போனாங்களே, அவங்களைக் கேளுங்க" என்றார்கள். சர்க்கார் வக்கீல் விடவில்லை. மகன் கிடைப்பானே, மகனுக்காகத் தாய் பொய் சொல்ல மாட்டாளா என்றார். நியாயமான கேள்விதான். மாமி துப்பட்டியை முகத்திலிருந்து விலக்கினார்கள். "சொல்லுவேன் தொரை. ஆனா மவனுக்காகப் பொய்தான் சொல்லணும்னா, என் மானம் போகாத பொய்யா ஒண்ணு பாத்துச் சொல்லியிருப்பேனே" என்றார்கள்.

அதற்குப் பிறகு மக் தீமா ஏறினாள். கூண்டில் பிடித்துக்கொள்ள அவளுக்குக் கம்பி உயரமாக இருந்தது. பிள்ளைக்கு இடது கையில் ஆறாவது விரல் இருந்தது, எலும்பில்லாத சின்ன விரல், பிறந்த ஏழாம் நாள் நூலால் இறுக்கிக் கட்டினேன், கருகி விழுந்துவிட்டது என்றாள். நீதிபதி உன் வாப்பாவைக் கையை நீட்டச் சொன்னார். கிட்டே கூப்பிட்டு, மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பார்த்தார். மக் தீமா கூண்டிலிருந்தே, "அது அழுதது எனக்கு இன்னும் காதில் இருக்கு லா" என்று மலாயில் சொன்னாள். கோர்ட்டில் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. கவர்னர் இந்த மனிதரை அனுப்புவதற்கு நல்ல காரணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதைக் கேட்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் இவர் இந்தத் தீவில் பிறந்தவர், இவரை அனுப்பும் அதிகாரம் கவர்னருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அங்கேயே விலங்கைக் கழற்றிவிட்டார்கள்.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்துவிடாதே. சுல்தான் உண்மையாகவே காரைக்காலில் பிறந்தவர். அவருக்கு எந்த வக்கீலும் எதுவும் செய்ய முடியவில்லை. வாப்பா பேசியதைத்தான் அவரும் பேசினார். வாப்பா அளவுக்குக்கூடப் பேசவில்லை. அவரைக் கப்பலில் ஏற்றிய அன்றைக்கு வாப்பா துறைமுகத்தில் போய் நின்றார். "எனக்கும் ஒரு மக் தீமா கெடைப்பாளான்னு பாரு நானா" என்று சுல்தான் படகிலிருந்து கத்தினாராம். அதை வாப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. கோர்ட்டை நினைத்து நான் பெருமைப்படும்போதெல்லாம் சுல்தானையும் சேர்த்து நினைத்துக்கொள்வேன். கோர்ட் நமக்குத் திறந்த கதவு ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குத்தான் இருந்தது. அது இல்லாவிட்டால் அந்த ஒரு ஆளும் இல்லை. இரண்டும் உண்மை. உத்தியோகம் பார்க்கும்போது இரண்டையும் மறக்காதே.

வாப்பா அதற்குப் பிறகும் கடற்கரையில் பேசினார். அனுமதி இல்லாமல் கூட்டம் போட்டார் என்று போலீஸ் வழக்குப் போட்டது. குற்றம் இன்னது என்று சொன்னார்கள், சாட்சி வைத்தார்கள், அவரையும் பேசவிட்டார்கள், அபராதம் போட்டார்கள். சந்தோஷமாகக் கட்டிவிட்டு வந்தார். அபராதம் கட்டிவிட்டு ஜவ்வுமிட்டாய் வாங்கிக்கொண்டு வந்த ஆளை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. ஆனால் மாமிக்கு அப்படி எதுவும் இலேசாக முடியவில்லை. எனக்கு அக்கா என்று யாரும் இல்லை என்று அவர்களுடைய தம்பி சொன்னதாகக் காரைக்காலிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். தாய்வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பலகாரமும் சேலையும் நின்றன. மௌத்தாகும்வரை அங்கிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கப்பல் வரும் நாளில் மட்டும் மாமி காரணமில்லாமல் வாசலுக்கு வந்து போவார்கள். எனக்கு அதைப் பார்க்கத் தாங்காது.

விடுதலையாகிக் கொஞ்ச நாள் கழித்து, அந்தப் போலீஸ் துபாஷி நம் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். உன் வாப்பா உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை. துபாஷியே பேச்சை ஆரம்பித்தார். "நான் பொய்யா எதுவும் எழுதலை பாய். தொரை கேட்டதை உங்ககிட்ட கேட்டேன். நீங்க சொன்னதை அப்படியே எழுதினேன். ஒரு எழுத்து கூட்டலை, கொறைக்கலை" என்றார். அது உண்மை. அவர் நல்ல மனிதர், மகனே. வேலையைச் சரியாகச் செய்தவர். தேத்தண்ணிகூட வாங்கிக் கொடுத்தவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. கெட்டவனாக ஆகாதே என்று சொல்லி அனுப்பியிருப்பேன். அது உனக்குத் தேவையில்லை.

நாளை நீ போய் உட்காரப்போவது அந்த மாதிரி ஒரு நாற்காலியில். வாப்பா மாடியில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். நான் உன்னைப் போகாதே என்று சொல்லமாட்டேன். நீ போகாவிட்டால் அந்த நாற்காலி காலியாகவா இருக்கப்போகிறது? போ. வாப்பா ஃபெரி வரைக்கும் வருவார். சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், நான் பார்த்தேன். ஆனால் உன் மேசைக்கு முன்னால் ஒரு மனிதரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவர் உன்னைப் பார்த்து, நம்ம பிள்ளை என்று நம்பிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார். அந்த நேரத்தில், அன்றைக்கு மாமி அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்து, துப்பட்டிகூடப் போடாமல், அந்தத் துபாஷியிடம் சொன்னது உன் காதில் விழ வேண்டும். அவர்கள் திட்டவில்லை. சாபம் விடவில்லை. மிச்சமிருந்த ஆயுளுக்கும் தாய்வீட்டை இழந்துவிட்ட மனுஷி, ரொம்பத் தணிந்த குரலில் கேட்டார்கள்:

"எழுதுனது சரிதான் தம்பி. எதுக்குக் கேக்குறீங்கன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கேட்டிருக்கலாமே."

உன் உம்மா